படிகள் தடையாகும்போது: முதியோருக்கேற்ப வீட்டை மாற்றியமைப்பது எப்படி?

சில மாதங்களுக்கு முன் 74 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் முதியோர் மருத்துவப் பிரிவுக்கு வந்திருந்தார். முதல் மாடியில் உள்ள வீட்டிலிருந்து அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மகனும் பக்கத்து வீட்டு இளைஞரும் தூக்கி இறக்கிக் காரில் ஏற்றி அழைத்து வந்திருந்தார்கள். வீட்டில் லிஃப்ட் போடுவதா, கீழ்த்தளத்தில் குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்லி அம்மாவை அங்கே மாற்றுவதா என்று மகன் எங்களிடம் ஆலோசனை கேட்டார். அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மையார் ஒன்றே ஒன்று சொன்னார்: “தெருவைப் பார்த்து எட்டு மாசம் ஆகுது, டாக்டர்.”

அவருடைய பழைய மருத்துவக் குறிப்பைப் புரட்டினோம். எட்டு மாதங்களுக்கு முன் முழங்கால் வலிக்காக அவர் வந்திருக்கிறார். மாத்திரைகளின் பட்டியலுக்குக் கீழே எங்கள் பிரிவின் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: ‘மாடிப்படி ஏறி இறங்குவதைத் தவிர்க்கவும்.’ அவருடைய வீடு எந்தத் தளத்தில் இருக்கிறது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. அவரோ, ஆசிரியைக்கே உரிய ஒழுங்குடன் எழுதியதை எழுதியபடி கடைப்பிடித்துவிட்டார்.

நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட அந்த வரி அவரை வீட்டுக்குள் பூட்டிவிட்டது. எட்டு மாதம் நடக்காமல் இருந்த கால்களில் முன்பிருந்த வலிமையும் குறைந்துபோயிருந்தது. முதியவர்களைப் படியிலிருந்து விலக்கிவைப்பது எளிது. அவர்கள் பாதுகாப்பாகப் படியைக் கடக்க வழிசெய்வதும், அது இயலாதபோது படியின்றியே முழுமையாக வாழ வழிசெய்வதும்தான் நாங்களும் குடும்பத்தாரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அதற்கான வழிகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் காரணம், பிறகு கொத்தனார்

“வயசாயிடுச்சு, படி ஏற முடியல” என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம். வயது மட்டுமே காரணமாக இருப்பது குறைவு. வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன் உடலை ஒருமுறை முறையாகப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஏறும்போது மூச்சு வாங்கினால் இதயம், நுரையீரல் ஆகியவற்றையும் இரத்தச்சோகையையும் பார்க்க வேண்டும். முழங்காலில் வலித்தால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். படி இறங்கும்போது முழங்கால் மூட்டின்மீது உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட சுமை விழுகிறது. இறங்கும்போதுதான் வலி அதிகம் என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். சிறிது தூரம் நடந்ததும் இரு கால்களும் கனத்து மரத்துப்போய், குனிந்தால் அல்லது உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று ஆராய்வோம். வலி இல்லாமல் தொடைகள் மட்டும் சோர்ந்தால் வைட்டமின் டி குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்போம். நீண்டகால நீரிழிவில் பாதம் மரத்துப்போய்ப் படியின் விளிம்பு காலுக்குத் தெரியாமல் போகும். கண்புரை இருந்தால் அது கண்ணுக்கும் தெரியாது.

மாத்திரைகளையும் மறந்துவிடக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவை எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலை உண்டாக்கலாம். படுத்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ குறைந்தால், அவர் படிக்கட்டின் உச்சியில் நிற்பதே ஆபத்து. அந்த ஆசிரியைக்கு இந்தக் குறை இருந்தது. இரண்டு மருத்துவர்களிடம் வாங்கிய சீட்டுகளில், வெவ்வேறு பெயர்களில் ஒரே மருந்து இருந்தது. அவர் இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். முதியவரை நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து, வழக்கமான வேகத்தில் மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இதற்கு 12 வினாடிகளோ அதற்கு மேலோ ஆனால், விழும் வாய்ப்பு அதிகம் என்று கொண்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

படிக்கட்டை ஒரு நாள் உற்றுப் பாருங்கள்

நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டை நாம் பார்ப்பதே இல்லை. ஒரு நாள் மாலை விளக்கேற்றும் நேரத்தில் கீழே நின்று அதைப் பாருங்கள். பிறகு மேலே நின்று பாருங்கள்.

இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் ஒரு படியின் உயரம் 19 செ.மீ.க்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. இடத்தை மிச்சப்படுத்திக் கட்டிய பல வீடுகளில் படிகள் இதைவிடச் செங்குத்தானவை. அதைவிட ஆபத்தானது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உயரம் மாறுபடுவது. தரைக்குப் புதிதாக டைல்ஸ் போடும்போது கடைசிப் படி மட்டும் தாழ்ந்துபோகும். கால் ஒரே அளவுக்குப் பழகியிருப்பதால், மாறுபட்ட அந்த ஒரு படியில்தான் தடுக்கும். அளவுநாடாவை எடுத்து எல்லாப் படிகளையும் அளந்துவிடுங்கள்.

கைப்பிடி: பெரும்பாலான வீடுகளில் திறந்த பக்கத்தில் மட்டுமே கைப்பிடி இருக்கும், சுவர்ப் பக்கம் வெறுமையாக இருக்கும். பக்கவாதத்தால் ஒரு கை பலவீனமானவருக்கு, ஏறும்போது உதவும் கைப்பிடி இறங்கும்போது உதவாது. எனவே இரு பக்கமும் வேண்டும். உயரம் படியின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. இருக்கலாம். விரல்கள் முழுமையாகச் சுற்றிப் பிடிக்கும்படி, சுமார் 4 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டைக் குழாய் ஏற்றது. அழகுக்காகப் போடப்படும் அகலமான மரப்பலகையையோ கிரானைட் கைப்பிடிச் சுவரையோ தடுமாறும்போது இறுகப் பற்ற முடியாது. குழாய்க்கும் சுவருக்கும் இடையே 5 செ.மீ. இடைவெளி வேண்டும். முதல் படிக்கு முன்பும் கடைசிப் படிக்குப் பின்பும் ஓரடி நீண்டிருந்தால், படி முடிந்துவிட்டதைக் கையே சொல்லிவிடும். இது வெல்டிங் பட்டறைக்காரர் ஒரே நாளில் முடித்துத் தரக்கூடிய வேலை. பொருத்திய பிறகு வீட்டிலேயே அதிக எடையுள்ளவர் அதைப் பிடித்து இழுத்துப் பார்க்கட்டும்.

விளிம்பு: மொசைக், கிரானைட், ஒரே நிற டைல்ஸ் ஆகியவை பதித்த படிகளில், இறங்குபவரின் கண்ணுக்குப் படிகள் அனைத்தும் ஒரே சரிவாகத் தெரியும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்தில் மஞ்சள் நிறத்தில் சொரசொரப்பான ஒட்டுநாடாவை ஒட்டலாம். வெளிப்படியானால் வண்ணம் பூசலாம். நாடாவின் ஓரம் பெயர்ந்தால் உடனே மாற்ற வேண்டும். பெயர்ந்த நாடாவே காலைத் தடுக்கும்.

வெளிச்சம்: படியின் மேலும் கீழும் ஒரே விளக்கைப் போடவும் அணைக்கவும் வசதியாக இருவழி சுவிட்ச் வேண்டும். விளக்கு கண்ணைக் கூசவைக்காத இடத்தில் இருக்கட்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், தொலைக்காட்சியை இணைப்பதற்கு முன் படிக்கட்டு விளக்கை அதில் இணையுங்கள்.

பொருள்கள்: செருப்புகள், பழைய செய்தித்தாள் கட்டு, தண்ணீர்க் கேன், பூந்தொட்டி எனப் படிகளை அலமாரியாக்கிக்கொள்வது நம் வீடுகளின் வழக்கம். இன்றே அகற்றுங்கள், இதற்குச் செலவே இல்லை. மொட்டை மாடிக்குச் செல்லும் வெளிப்படியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பாசி படியும். மழைக்காலத்தில் அதை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

வாசற்படியும் சாய்தளமும்

மாடியே இல்லாத வீட்டிலும் படி உண்டு. சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போடுவதாலும், வெள்ளத்துக்கு அஞ்சியும் நகரங்களில் வீடுகளை உயர்த்திக் கட்டுகிறார்கள். தெருவிலிருந்து தலைவாசலுக்கு நான்கைந்து படிகள் ஆகிவிடுகின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் கைப்பிடியே இருப்பதில்லை. முதியவர் கோயிலுக்கும் கடைக்கும் போவது இங்கேதான் நின்றுபோகிறது.

சாய்தளம் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இரண்டடி உயர்ந்த வீட்டுக்கு 24 அடி. இவ்வளவு இடம் எல்லோரிடமும் இருக்காது. அதற்காக, இருசக்கர வாகனம் ஏற்றுவதற்குப் போட்ட குறுகிய சரிவில் முதியவரை நடக்கவிடுவதோ சக்கர நாற்காலியைத் தள்ளுவதோ கூடாது. அந்தச் செங்குத்தில் தள்ளுபவருக்கும் பிடி தவறும். இடம் குறைவாக இருந்தால், உயரமான இரண்டு படிகளைத் தாழ்வான மூன்று அல்லது நான்கு படிகளாக மாற்றி, இரு பக்கமும் கைப்பிடி வையுங்கள். பல முழங்கால்களுக்கு இதுவே போதும்.

ஏறவும் இறங்கவும் ஒரு முறை உண்டு

ஏறும்போது நல்ல கால் முதலில் போகட்டும்; இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் இறங்கட்டும். ஒரு படியில் இரு கால்களையும் சேர்த்து வைத்த பிறகே அடுத்த படி. கைத்தடி இருந்தால் அது வலிக்கும் காலுடனேயே செல்லும். மற்றொரு கை கைப்பிடியில் இருக்கும். நான்கு கால் வாக்கரைப் படிக்கட்டில் பயன்படுத்தக் கூடாது. இரண்டு தளங்களிலும் நடமாடுபவருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வாக்கர்கள் இருப்பது நல்லது.

உடன் செல்பவர் ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, முதியவருக்குக் கீழ்ப்படியில் சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னால் நின்று கையைப் பிடித்து இழுப்பது சமநிலையைக் குலைக்கும். இருபார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன்வழியே பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். தலையை நன்கு தாழ்த்தி மேல்பகுதி வழியாகப் பார்க்கப் பழக்குங்கள். குதிங்காலில் வார் இல்லாத ரப்பர் செருப்பையும், தரையில் புரளும் வேட்டி, புடவையையும் படிக்கட்டில் தவிர்க்க வேண்டும்.

கால்களுக்குப் பயிற்சியும் வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிங்காலை உயர்த்தி இறக்குதல் போன்ற எளிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் அவரவர் நிலைக்கேற்பக் கற்றுத் தருவார். வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைத் தொடர்ந்து செய்யும் முதியவர்கள் கீழே விழுவது ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் வசதி உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

கீழ்த்தளத்துக்கு மாற வேண்டுமானால்

இவ்வளவு செய்தும் படி ஆபத்தாகவே இருந்தால், கீழ்த்தளத்துக்கு மாறுவதே சரி. அதை முதியவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் ஊருக்குப் போயிருக்கும்போது கட்டிலைக் கீழே இறக்கிவிட்டு, திரும்பி வந்ததும் சொல்லும் குடும்பங்களை நாங்கள் அறிவோம். மாடியில் அவர் வளர்த்த துளசியும், வடாம் காயவைத்த வெயிலும், மாலையில் எதிர்வீட்டாரிடம் பேசிய பேச்சும் சேர்ந்ததுதான் அவருடைய நாள். அவற்றில் எவற்றைக் கீழே கொண்டுவர முடியும் என்பதையும் உட்கார்ந்து பேசுங்கள்.

படுக்கை, கழிப்பறை, சாப்பாடு இவை மூன்றும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கட்டில் கீழே, கழிப்பறை மேலே என்றால் மாற்றியதில் பயனில்லை. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுபவர் இருட்டில் படி ஏறுவார். கூடத்தின் மூலையில் கட்டிலைப் போட்டுவிட்டால் அது அறையாகிவிடாது. விருந்தினர் முன்னிலையில் படுத்திருக்கவும் உடைமாற்றவும் நேர்வது மனத்தை ஒடுக்கும். தடுப்போ திரைச்சீலையோ கட்டாயம் வேண்டும். உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும் உயரத்தில், சுமார் 45 முதல் 50 செ.மீ. வரை, கட்டில் இருக்கட்டும்.

குளியலறையில் மேற்கத்திய முறை இருக்கையும், அதன் பக்கச் சுவரில் பிடிகம்பியும், வழுக்காத தரையும் தேவை. துண்டு போடும் கம்பியும் கைகழுவும் தொட்டியும் பிடிகம்பி அல்ல. உடல் எடையைத் தாங்காமல் சுவரோடு பெயர்ந்துவரும். வாயிலில் உள்ள சிறு தடுப்பு உயரம் பலரைத் தடுக்கிவிட்டிருக்கிறது. முடிந்தால் சமப்படுத்துங்கள், முடியாவிட்டால் பளிச்சென்ற நிறம் பூசுங்கள். கதவு வெளிப்புறம் திறப்பதாகவும், அவசரத்தில் தாழ்ப்பாளை வெளியிலிருந்து நீக்கக்கூடியதாகவும் இருந்தால், உள்ளே விழுந்தவரைக் கதவை உடைக்காமல் மீட்கலாம்.

லிஃப்ட் எப்போது?

சக்கர நாற்காலியிலேயே இருப்பவருக்கும், இதயம் அல்லது நுரையீரல் நோயால் சில படிகள்கூட ஏற இயலாதவருக்கும், கீழ்த்தளத்தில் இடமே இல்லாதபோது வீட்டு லிஃப்ட் உதவும். படிக்கட்டில் பொருத்திய தண்டவாளத்தில் நகரும் படிநாற்காலிகளும் உண்டு. அவற்றுக்குப் படிக்கட்டில் போதிய அகலம் வேண்டும், முதியவர் தானே உட்கார்ந்து எழக்கூடியவராக இருக்க வேண்டும். எதை வாங்கினாலும் மின்சாரம் போனால் என்ன ஆகும், ஆண்டுப் பராமரிப்புக்கு என்ன செலவு, பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள் என்ற மூன்று கேள்விகளையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். லிஃப்ட் வந்தபிறகும் நடைப்பயிற்சி தொடர வேண்டும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளையிட உரிமையாளரின் இசைவு தேவை. கைப்பிடி அவருடைய வீட்டுக்கும் மதிப்புச் சேர்ப்பதே என்று எடுத்துச் சொல்லுங்கள். லிஃப்ட் இல்லாத அடுக்ககங்களில் பொதுப்படிக்கட்டுக்குக் கைப்பிடியும் விளக்கும் கேட்டுச் சங்கக் கூட்டத்தில் பேசலாம். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கால் முறிந்த இளைஞருக்கும் அதே கைப்பிடிதான் உதவும். முதியோருக்கான அரசின் உதவிகளை அறிய 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை

படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், புதிதாகத் தோன்றிய மூச்சுத்திணறல், மயக்கம், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, திடீரெனக் கால்கள் தளர்ந்து சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். விழுந்தவரால் கால் ஊன்ற முடியவில்லை, கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருக்கிறது என்றால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவுவதோ நடக்கவைத்துப் பார்ப்பதோ கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் அழைத்து வாருங்கள்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் பலரிடம் நாங்கள் கேட்கும் வாக்கியம் இது: “அந்தப் படிக்கு ஒரு கம்பி போடணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தோம்.” நினைத்திருக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

அந்த ஆசிரியைக்கு லிஃப்ட் தேவைப்படவில்லை. கீழ்வீட்டாரும் காலிசெய்ய நேரவில்லை. இரட்டையாகச் சாப்பிட்ட மாத்திரை நிறுத்தப்பட்டது. ஒரு கண்ணில் கண்புரை அகற்றப்பட்டது. சுவர்ப் பக்கம் இரண்டாவது கைப்பிடியும், படி விளிம்புகளில் மஞ்சள் நாடாவும் வந்தன. மூன்று மாதங்கள் இயன்முறைப் பயிற்சி செய்தார். முழங்கால் வலி முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் இப்போது வாரத்தில் மூன்று நாள், மருமகள் ஒரு படி கீழே நிற்க, தானே இறங்கித் தெருமுனைவரை போய் வருகிறார். கடந்த முறை மருத்துவமனைக்கு நடந்தே வந்தார்.

அதன்பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். படி ஏறச் சிரமப்படும் ஒவ்வொருவரிடமும், வீடு எந்தத் தளத்தில், எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், கழிப்பறை எங்கே என்று கேட்டு எழுதிவைக்கிறோம். நீங்கள் அடுத்த முறை வரும்போது வாசற்படி, மாடிப்படி, குளியலறை, கட்டில் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் காட்டுங்கள்.